திரைமேல் வைத்த ஸ்கேல்

லிஸ்ட் அக்கா கம்ப்யூட்டரில் எதைப் படித்தாலும் ஸ்கேல் வைத்துத்தான் படிப்பாள். ஒரு மூலை உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேல் அது. இடது கையால் அதைத் திரைமேல் கிடையாகப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலைப் பெயரிலிருந்து கடைசிக் கட்டம் வரை ஓட்டுவாள். ஒரு வரி முடிந்ததும் ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கும். ஒன்பது வருடமாக இப்படித்தான். டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸுகள் முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் அவர்களுக்கும் பழகிவிடும்.

எட்டாம் வகுப்பு பாதியிலேயே அவளுடைய படிப்பு நின்றுபோனது. கல்யாணமாகி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, அழுக்குத்துணி வண்டி தள்ளும் வேலைக்குத்தான் அந்த ஆஸ்பத்திரிக்குள் வந்தாள். பேச்சு குறைவு. கண் மட்டும் சும்மா இருக்காது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாளுக்கு நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்கும் பிரிவு அது. பன்னிரண்டு மெஷின், நாளுக்கு மூன்று ஷிப்ட். ஒருவர் நாள் மாறி வந்தால் இன்னொருவருக்கு இடம் இருக்காது. இடம் கிடைக்காமல் திரும்பிப் போனவருக்கு மறுநாளே கால் வீங்கி மூச்சு வாங்கும்.

முறை எழுதிக்கொண்டிருந்த கிளார்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டார். அவருடைய கையெழுத்து அவருக்கே புரியும் ரகம். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, மூலையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவள், “ரயில்காரருக்குத் திங்கள் முதல் ஷிப்ட், சிஸ்டர். அவருக்குப் பக்கத்துல தையல்காரம்மா” என்று மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினாள். சாயங்காலத்துக்குள் எழுபத்திரண்டு பேரும் தாளில் இறங்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பட்டப்பெயர்.

கம்ப்யூட்டர் வந்தபோது அதைக் கட்டம் போட்ட நோட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். எக்ஸெல்லைத் திறப்பாள், அடிப்பாள், சேமிப்பாள், அச்செடுப்பாள். ஒரு நோயாளியின் பெயர், போன் நம்பர், நாள், ஷிப்ட், மெஷின், அழைத்துவர வேன் போகும் பகுதி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் முண்டியடித்துக்கொண்டு கிடக்கும். யாரையாவது தேட வேண்டுமென்றால் ஸ்கேல்தான்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, பிரிவின் பெரிய சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“அக்கா, அடுத்த மாசம் புதுக் கட்டடத்துக்குப் போறோம். பதினெட்டு மெஷின். நாள்வாரியா ஒரு லிஸ்ட், ஷிப்ட்வாரியா ஒண்ணு, வேனுக்கு ஏரியாவாரியா ஒண்ணு வேணும். எந்த ஷிப்ட்ல எத்தனை இடம் காலின்னு கேட்டா உடனே தெரியணும். சனிக்கிழமை மத்தியானம் மேலிடத்துல கேப்பாங்க.”

“செஞ்சுடலாம், சிஸ்டர்.”

“இப்ப வச்சிருக்கிற மாதிரி இருந்தா முடியாதுக்கா. இல்லேன்னா அவங்களே ஒரு ஆளை அனுப்பறேங்கறாங்க. உங்களை யாரும் வெளிய போகச் சொல்லல. பழைய வேலை இருக்கவே இருக்கு.”

பழைய வேலை என்றால் துணி வண்டி. அந்த வேலை கேவலம் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் ரயில்காரர் வாசலில் கறுப்புக் கோட்டைக் கழற்றிக்கொண்டே, “என் பேரு இருக்கா, இல்ல அடிச்சிட்டீங்களா?” என்று வரும்போதெல்லாம் கேட்பதும், “இன்னும் மனசு வரல, அண்ணே” என்று இவள் சொல்வதும் இந்த மேஜையில்தான் நடக்கும். வெளியில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் மனுஷி.

கேட்டால் சொல்லித்தர ஒரே ஒருத்திதான் இருந்தாள். நாத்தனார், கணவரின் தங்கை. பார்சல் கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் பிரிவில் வேலை. எக்ஸெல் அவள் விரல் நுனியில். நாக்கும் கூர்மை. பல வருடங்களுக்கு முன்பு, மகனின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை நிரப்ப இவள் பேனாவை எடுத்தபோது, உறவுக்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும், “குடுங்க அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் வராது” என்று படிவத்தை வாங்கிக்கொண்டாள். அவள் அதை அன்றே மறந்திருப்பாள். இவள் மறக்கவில்லை.

இருந்தாலும் அன்று சாயங்காலம் வேலை முடிந்து நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். “எக்ஸெல்லுல எனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லித் தருவியா?”

நாத்தனார் ஒரு கணம் பார்த்தாள். “பாதியா? பரவாயில்லையே. எங்க மேனேஜருக்குக் கால்வாசிதான் தெரியும். உள்ள வாங்க.”

ஆஸ்பத்திரிப் பட்டியலை வெளியே கொண்டுவரக் கூடாது என்பதால், சொந்தக்காரர்களை வைத்துப் பாடம் தொடங்கியது. பெயர் ஒரு கட்டம், ஊர் ஒரு கட்டம், போன் நம்பர் ஒரு கட்டம்.

“ஒரு கட்டத்துல ஒரு சரக்குதான் அண்ணி. எல்லாத்தையும் ஒரே பையில திணிச்சா, சோப்பு எடுக்கப் போனா சீப்பு வரும்.”

கடைசிப் பத்தியில் என்ன போடுவது என்று யோசித்து, நம்மோடு பேசுவார், பேசமாட்டார் என்று போட்டார்கள். ஃபில்டர் என்று ஒன்று இருப்பதை அங்கேதான் அவள் முதலில் பார்த்தாள். ‘பேசமாட்டார்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்ததும் மற்றவர்கள் மறைந்துபோய்ப் பத்தொன்பது பேர் வரிசையாக நின்றார்கள்.

“இத்தனை பேரா? நம்ம குடும்பம் நல்ல குடும்பம்தான்” என்றாள் நாத்தனார். சிரித்து முடித்துவிட்டுக் கீழே பார்த்தாள். “என் பேருக்கு நேரா ஒண்ணும் போடலையே அண்ணி?”

“யோசிச்சுட்டு இருக்கேன்” என்றாள் லிஸ்ட் அக்கா.

தங்கையைப் பார்க்க வந்த கணவர், இரண்டு பேரும் ஒரே திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, “இன்னிக்கு மழை வரும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மூன்று சாயங்காலங்களில் அவள் நிறையக் கற்றுக்கொண்டாள். தலைப்பு வரி எவ்வளவு கீழே போனாலும் மேலேயே நிற்கும்படி செய்வது. நாளைக் கையால் அடிக்காமல் சிறு பட்டியலிலிருந்து எடுப்பது. ஒரு ஷிப்டில் எத்தனை பேர் என்று சூத்திரம் போட்டு எண்ண வைப்பது. முதல்முறை சூத்திரம் சரியான விடையைச் சொன்னபோது, அவள் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தாள். நாத்தனார் கண்டும் காணாதது மாதிரி இருந்தாள்.

பகலில் ஆஸ்பத்திரி மேஜை முன் உட்கார்ந்து, பழைய பட்டியலையே கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டாள். வியாழக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் அழகாக இருக்குமே என்று தோன்றியது. பெயர்ப் பத்தியைத் தொட்டு, வரிசைப்படுத்தச் சொன்னாள். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா, அல்லது நீ தொட்டது மட்டும் போதுமா?

பந்தியில் இரண்டாவது முறை கேட்டால்கூட, போதும் என்று இலையை மறைக்கிற பெண் அவள். தொட்டது மட்டும் போதும் என்றாள். பெயர்கள் அழகாக அடுக்கி நின்றன. சேமித்தாள், மூடினாள், வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல ஸ்கேலை வைத்தாள். முதல் வரியிலேயே விரல் நின்றது. ரயில்காரர் வரியில் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஏரியா, செவ்வாய், மூன்றாவது ஷிப்ட். அவர் வீடு ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெரு. ஸ்கேலைக் கீழே இறக்கினாள். தையல்காரம்மா வரியில் வேறு யாருடைய நம்பரோ. இன்னும் இறக்கினாள். எழுபத்திரண்டு பேரும் அடுத்தவர் நாளில், அடுத்தவர் மெஷினில் படுத்திருந்தார்கள். பழைய பட்டியலின் மேலேயே வேலை செய்ததால் வேறு பிரதி இல்லை. அச்செடுத்திருந்தது அன்றைய ஒரு நாளுக்கு மட்டும்.

எழுந்து நேராகப் பெரிய சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. யாரையாவது கேக்கணும்னா இங்கயே வரச் சொல்லுங்க. லிஸ்ட் வெளிய போகக் கூடாது.”

நாத்தனாருக்குப் போன் செய்தபோது, கிண்டலைக் கேட்கத் தயாராகவே இருந்தாள்.

“நேத்தே சேவ் பண்ணி மூடிட்டீங்களா? சரி. எதையும் தொடாதீங்க அண்ணி. அரை நாள் லீவு சொல்லிட்டு வரேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். வந்தவள் திரையை இரண்டு நிமிடம் மேலும் கீழும் பார்த்தாள்.

“பேரு மட்டும்தான் இடம் மாறியிருக்கு அண்ணி. போன், நாள், ஷிப்ட், மெஷின், ஏரியா எல்லாம் அதது இடத்துல ஒண்ணா இருக்கு. ஒவ்வொரு வரியும் யாருதுன்னு தெரிஞ்சாப் போதும். தெரியுமா?”

“படி” என்றாள் லிஸ்ட் அக்கா.

நாத்தனார் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். “திங்கள், முதல் ஷிப்ட், மெஷின் நாலு, எதிர்த் தெரு.”

“ரயில்காரர்.”

“அஞ்சாவது மெஷின்?”

“தையல்காரம்மா. நம்பர் கடைசியில ரெண்டு ஏழு வரும்.”

வந்தது. பெயர் சொல்லச் சொல்ல நாத்தனார் அடித்தாள். ஒவ்வொரு போன் நம்பரையும் அலமாரியில் இருந்த நோயாளிகளின் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு இடத்தில் நின்றது. அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். ஒரே வீடு, ஒரே நம்பர், ஒரே ஷிப்ட். பதினொன்றாவது மெஷினில் யார், பன்னிரண்டில் யார்?

“பன்னெண்டு மேல ஃபேன் இருக்கு. தங்கச்சிக்குக் குளிரும், ஒத்துக்காது. அதனால அதுல அக்கா.”

நாத்தனார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். “எழுபத்திரண்டு பேரையும் தலைக்குள்ள வச்சுக்கிட்டு, உங்களுக்கு எதுக்கு அண்ணி கம்ப்யூட்டர்?”

“ஒருநாள் எனக்கு முடியலேன்னா? அன்னிக்கு இவங்க எந்தத் தலையைத் தேடிப் போவாங்க?”

நாத்தனார் அந்த இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “அந்த ஸ்கூல் ஃபாரத்தை நான் அன்னிக்குப் பிடுங்கியிருக்கக் கூடாது.”

மறக்கவில்லை, அவளும். “டீ சொல்லட்டுமா?” என்றாள் லிஸ்ட் அக்கா.

போவதற்கு முன் நாத்தனார் அந்தப் பட்டியலைத் தேதியோடு தனியே ஒரு பிரதி எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அப்புறம், வரிசைப்படுத்தும்போது அந்தக் கேள்வி வந்தால் எதை அழுத்துவது என்றும். “அங்க மட்டும் கூச்சப்படாதீங்க அண்ணி. எல்லாம் வேணும்னு கேளுங்க.”

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பட்டியலும் பெரிய சிஸ்டர் கைக்குப் போயின. மேலிடத்திலிருந்து ஆள் வரவில்லை. அடுத்த மாதம் மேஜையும் நாற்காலியும் அவளோடு புதுக் கட்டடத்துக்குப் போயின. முதல் நாள் ரயில்காரர் வாசலில் நின்று கேட்டார். “இங்கயும் என் பேரு இருக்கா?”

“நடுவுல ஒரு நாள் தொலைஞ்சுது, அண்ணே. தேடிப் பிடிச்சுட்டேன்.”

நாத்தனாருக்கு அவள் நன்றி என்று வாயால் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. சொந்தக்காரர் பட்டியலில் காலியாக இருந்த கட்டத்தை ஒரு சாயங்காலம் நிரப்பினாள். ‘பேசுவார்’ என்று அடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, ‘கூப்பிட்டால் வருவார்’ என்றும் சேர்த்தாள். ஒரு கட்டத்தில் ஒரு சரக்குதான் என்று நாத்தனார் திட்டினாள். ஆனால் அதை அழிக்கவில்லை.

போன மாதம் நாத்தனாருக்குக் கண் அறுவை சிகிச்சை. துணைக்கு இருக்க லிஸ்ட் அக்கா மூன்று நாள் விடுமுறை எடுத்தாள். ஒன்பது வருடத்தில் அவள் தொடர்ந்து எடுத்த முதல் விடுமுறை அதுதான். பிரிவில் ஒரு நர்ஸ் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டாள்.

இன்று பட்டியலில் நூற்று நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு இடம் காலி. ஸ்கேல் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. சேமிப்பதற்கு முன் ஒருமுறை அதை வைத்துப் படித்துப் பார்க்கிறாள். விடுமுறை எடுத்த அந்த மூன்று நாளும், பட்டியலைப் பற்றிக் கேட்டு அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.