டிக்கிக்கு அளவெடுத்தவர்

அது ஒரு சனிக்கிழமை. காலை பத்தே முக்கால் மணிக்குப் பல் செட்காரரின் மனைவி அவரைச் சாலையோரம் நிற்க வைத்துவிட்டு, அந்த வழியாக வந்த பால் வண்டியில் ஏறிப் போனார்.

ஒரேயடியாகப் போய்விட்டார் என்று யாரும் பதற வேண்டாம். இரண்டு மணிக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. ஆண்கள் வார்டின் சீனியர் நர்ஸ். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனதில்லை. ஆனால் பால் வண்டி டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு காலிக் கேனை வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி அவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை இருக்கிறதே, அதுதான் பல் செட்காரரை உலுக்கிவிட்டது.

"காத்தடிக்க வழி இல்லாத வண்டில இனிமே நான் ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். வார்டில் அவர் படுக்கச் சொன்னால் உட்கார்ந்திருக்கிற நோயாளி கிடையாது.

பல் செட்காரருக்கு ஐம்பத்து நாலு வயது. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மென்று தின்றார்கள். அவர் முகம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும், யாரிடமும் கேட்காமல், இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அது எவ்வளவு தாழ்ந்த வண்டி என்றால், இறங்கும்போது முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டும். பிறகு கடவுளைக் கூப்பிட வேண்டும். பிறகுதான் கால் வெளியே வரும்.

ஏன் இரண்டு சீட் என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேர் போகத்தான்" என்பார். அந்த ரெண்டாவது ஆள் யார் என்று சொல்ல வெட்கப்படுவார். அந்தச் சனிக்கிழமைதான் முதல் சவாரி. ஒன்பதாவது கிலோமீட்டரில் பின்சக்கரத்தில் ஆணி. அந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. வைக்க இடமும் கிடையாது. கம்பெனிக்காரன் அதற்குப் பதில் நுரை மருந்து ஒரு பாட்டில் கொடுத்திருந்தான். அதைச் சக்கரத்தில் ஏற்றப் போய், நம்மாள் தன் பேன்ட்டில் ஏற்றிக்கொண்டார். பல் துலக்கிக்கொண்டிருந்த யாரோ பெரிய ஆள் ஒருவர் மேலிருந்து துப்பியது மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. பக்கத்து சீட்தான் காலியாகவே இருந்தது.

அன்று சாயங்காலமே மனைவியின் தம்பியை அழைத்துக்கொண்டு கார் சாமான் கடைக்குப் போனார். மச்சான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சக்கரம் சம்பந்தமாக உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய கட்சி.

கடைக்காரர் மேஜைமேல் காற்றடிக்கும் சாமான் மூன்றை எடுத்து வைத்தார்.

"சார், இது காலால மிதிக்கிற பம்ப். கரண்ட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், ஆயுசுக்கும் வரும்."

"யாரோட ஆயுசு?" என்றார் மச்சான். "மாமா முட்டியப் பாத்தீங்களா? நாலு மிதி மிதிச்சா அதுக்கு முதல்ல காத்து அடிக்கணும்."

"அப்ப இது. பேட்டரி. ஒயரே கிடையாது. கைக்குள்ள அடங்கும்."

பல் செட்காரர் சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, அந்த மெஷினின் குழாய் வாய்க்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கடைக்காரர் இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறார். இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை.

"எங்கயும் சொத்தை இல்லையே சார்?"

"இல்ல. நல்லா இருக்கு. கட்டிக் குடுங்க."

மூன்றே நாள். அந்த வண்டியில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. டிக்கி அதற்கும் பின்னால். ஒரு மணி நேரம் ஓட்டினால் டிக்கிக்குள் ரொட்டி சுடலாம். பேட்டரி மெஷின் தாடை வீங்கினவன் மாதிரி ஒரு பக்கம் உப்பிக்கொண்டு கிடந்தது. பயந்துபோய் அதை இடுக்கியால் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"டிக்கி சூடாகும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்!" என்றார் கடைக்காரர்.

"நீங்க கேக்கவே இல்லையே!"

மிச்சம் இருந்தது ஒயர் வைத்தது. சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் ஓடும். எத்தனை பவுண்டு காற்று வேண்டும் என்று அளவு வைத்துவிட்டால் அங்கே வந்ததும் தானே நின்றுவிடும். சூடு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வாசலில் வைத்துச் சோதித்தபோது ஒயர் மூன்று சக்கரம்வரை வந்துவிட்டு, நாலாவதற்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. மச்சான் இழுத்துப் பார்த்தார். வண்டியை நகர்த்தினால் எட்டுமா என்று வேறு கேட்டார்.

"வண்டிய நகத்தினா ஓட்டையும் கூடவே நகருமே, மச்சான்."

"அட ஆமா மாமா. நான் பஸ் ஞாபகத்துல சொல்லிட்டேன்."

பஸ்ஸில் மட்டும் அது எப்படி எட்டும் என்று பல் செட்காரர் கேட்கவில்லை. மைத்துனரிடம் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு.

கடைக்காரர் இந்தத் தடவை இதைவிடப் பெரிய மெஷின் ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்தார். ஒயர் நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து இன்னொரு சக்கரம் இருந்தால் அதையும் தொடும். எல்லாம் சரி. வைக்கிற இடம்தான் இல்லை. டிக்கியின் இடது மூலையில் மேடும் பள்ளமுமாக ஒரு குழி. அதில் நேராக வைத்தால் மூடி மூடவில்லை, படுக்க வைத்தால் வண்டி திரும்பும்போதெல்லாம் உள்ளே யாரோ கோபத்தில் பாத்திரம் கழுவுவது போலச் சத்தம். உருளாமல் நின்ற ஒரே இடம் பக்கத்து சீட்டின் காலடி.

அதாவது, மனைவி உட்கார மெஷின் வேண்டும்; மெஷின் உட்கார்ந்தால் மனைவிக்குக் கால் வைக்க இடமில்லை. பல் செட்காரர் காலடியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

வேறொருவராக இருந்தால் ஒரு கயிறு வாங்கியிருப்பார். இவர் முப்பது வருஷமாக மேடுபள்ளமான இடத்தில் ஆடாமல் உட்காரும் சாமான் செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் ஆஸ்பத்திரியிலிருந்து அளவெடுக்கும் மாவு நாலு பையை எடுத்து வந்தார். வாய்க்குள் வைத்தால் மூன்று நிமிஷத்தில் ரப்பராக இறுகி, ஈறின் அச்சைப் பிடித்துக்கொள்ளும் மாவு அது. வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, வீட்டில் இருந்ததிலேயே பெரிய தட்டில் கொட்டி, டிக்கியின் மூலையில் கவிழ்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பழக்க தோஷத்தில், "மூக்கால மூச்சு விடுங்க" என்று டிக்கியிடம் சொன்னதை மச்சான் கேட்டுவிட்டார்.

மூன்று நிமிஷத்தில் இறுகியது. இறுகியது இறுகியதுதான். தட்டு வரவில்லை.

பல் செட்காரர் இழுத்தார். மச்சான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். வண்டி முன்னும் பின்னும் ஆடியதே தவிர, தட்டு அசையவில்லை. கடைசியில் பல் டாக்டரம்மாவுக்குப் போன் போட வேண்டியதாயிற்று.

"அண்ணே, நானே கூப்பிட இருந்தேன். நாளைக்குக் காலைல எனக்கு மூணு பேருக்கு அளவெடுக்கணும். மாவு எங்க?"

"டிக்கில இருக்கு, டாக்டரம்மா."

பத்து நிமிஷத்தில் டாக்டரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஓரத்துல காத்து புகுந்தாத்தான் பிடி விடும். பேஷண்ட் வாயில ஒட்டிக்கிட்டா என்ன செய்வோம்? ஊசி மாதிரி காத்தடிப்போமில்ல. காத்தடிக்க ஏதாவது வச்சிருக்கீங்களா, அண்ணே?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பக்கத்து சீட்டின் காலடியைப் பார்த்தார்கள்.

மெஷினோடு வந்த, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை மாட்டி, விளிம்பில் வைத்து மெஷினைப் போட்டார்கள். அது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. பத்தாவது விநாடி, யானை சேற்றிலிருந்து கால் எடுத்தாற்போல ஒரு சத்தம். தட்டும் அச்சும் மச்சானின் மடியில் வந்து விழுந்தன; மச்சான் வாளிக்குள் விழுந்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி டியூட்டி முடிந்து தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க அது?"

"நம்ம டிக்கியோட ஈறு."

"அது என் தட்டுதானே?"



அந்த அச்சை வைத்து அடுத்த வாரமே மெஷின் படுக்க ஒரு தொட்டில் செய்தார், பொய்ப்பல் செய்கிற அதே பிளாஸ்டிக்கில். வெந்நீரில் வேகவைத்தே இறுகுகிற சாமான். இன்ஜின் சூடெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? ஈறு நிறத்தில் மட்டும்தான் அது கிடைக்கும் என்பதால், டிக்கியைத் திறந்தால் பெரிய இளஞ்சிவப்பு வாய் ஒன்று மெஷினைக் கவ்விக்கொண்டு சிரித்தது. எவ்வளவு திருப்பினாலும் ஆடவில்லை. காலடி காலியாயிற்று.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு சக்கரத்தின் காற்றை இறக்கி, மெஷினில் அளவு வைத்து, மறுபடி ஏற்றினார். சரியாக வந்து நின்றது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஒருவாட்டிதானே நின்னுருக்கு?" என்றார் மனைவி. "ஒருவாட்டி பிரஷர் பாத்துட்டு பேஷண்ட்ட வீட்டுக்கு அனுப்பிடுவோமா?"

"எத்தன வாட்டி வேணும், சொல்லு."

"அது எனக்கே தெரியும்போது தெரியும்."

அன்றிலிருந்து பல் செட்காரர் கண்ணில் பட்டதற்கெல்லாம் காற்றடித்தார். சைக்கிள், தள்ளுவண்டி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நீச்சல் வளையம், எதையும் விடவில்லை. தெருவில் காற்று இறங்கிய பொருளே இல்லாமல் போயிற்று. ஒவ்வொன்றையும் மனைவியிடம் சொன்னார். "ம்" என்பார் அவர். பக்கத்து சீட் மட்டும் புத்தம் புதிதாகவே இருந்தது.

மாதங்கள் போயின. ஒரு திங்கட்கிழமை மனைவி மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் போன பல் செட்காரர், மனைவி வார்டு ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றதும் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். சுவரோரம் ஆறு வீல்சேர்கள், எல்லாவற்றின் பின்சக்கரங்களும் சப்பையாகி நின்றன. காவல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டார். காரை அருகில் கொண்டுவந்தார். டிக்கியைத் திறந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்தவர் இதை மட்டும் ஏனோ மனைவியிடம் சொல்லவில்லை. மறந்தே போனார்.

வியாழக்கிழமை மத்தியானம். பின்னறையில் ஒரு கீழ்வரிசைப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பால் வண்டி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் படித்தார்.

"வீல்சேருக்குக் காத்தடிச்சது சிவப்புக் கார்ல வந்த ஆள்னு வாட்ச்மேன் இப்பத்தான் சொன்னாரு. யாரு அடிச்சாங்கன்னு தெரியாமலே மூணு நாளா காலையும் சாயங்காலமும் பன்னெண்டு சக்கரத்தையும் அமுக்கிப் பாத்துட்டு இருந்தேன். ஒண்ணுகூட இறங்கல. நாலு மணிக்கு டியூட்டி முடியுது. முன்வாசலுக்கு வண்டியக் கொண்டு வாங்க. வார்டுல எல்லாரும் ஜன்னல்கிட்ட நிப்பாங்க, அதனால இறங்கி வந்து கதவத் திறக்கிறேன்னு தரையில கைய ஊனாதீங்க. நானே திறந்து ஏறிக்கிறேன்."