தொட்டால் சிணுங்கும் செல்

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் தொட்டாச்சிணுங்கி. வைத்தவன் நான்தான், அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. சின்ன வயதில் அவள் பென்சிலை எடுத்தால் அழுவாள், திருப்பிக் கொடுத்தால் இன்னும் பலமாக அழுவாள். அப்படிப்பட்டவள் பொறியியல் படித்து, உயிருள்ள செல்களைத் தொட்டுப் பார்ப்பதையே வேலையாக்கிக்கொண்டாள். இன்று அந்தத் துறையில் பெரிய ஆள்.

தலைமுடியைவிட மெல்லிய ஊசியால் ஒரு செல்லை மெதுவாக அமுக்குவாள். அது எவ்வளவு கெட்டி, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று கணினி சொல்லும். நோய் பிடித்த செல்லும் நல்ல செல்லும் ஒரே மாதிரி அமுங்காதாம். நான் மெத்தைக்கடை வைத்திருக்கிறேன். நானும் நாள் முழுக்க அமுக்கித்தான் பார்க்கிறேன், எனக்கு யாரும் டாக்டர் பட்டம் தரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிக்கல். ஒரே செல்லை அடுத்தடுத்து அமுக்கினால், ஒவ்வொரு தடவையும் கூடுதல் கெட்டியாகக் காட்டியது. செல்தான் விறைத்துக்கொள்கிறது என்றாள் இவள். துறைத் தலைவி நம்பவில்லை.

"செல்லாவது விறைக்கிறதாவது! ஊசி கெட்டுப்போச்சும்மா. இந்த வாரத்துக்குள்ள நிரூபிக்கலேன்னா மெஷினை வேற துறைக்குக் கொடுத்துடுவேன்."

மெஷின் போனால் ஆராய்ச்சியும் அம்போ. வீட்டுக்கு வந்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டத் தட்ட அழுகை கூடியது. சமையலறையிலிருந்து அம்மா வழக்கமான பாட்டைப் பாடினாள்: "அவளைத் தொடாதடா. கொஞ்ச நேரம் விடு, தானா சரியாயிடும்."

அழுகை சட்டென்று நின்றது. கதவு திறந்தது.

"அண்ணா, நான் அதுக்கு மூச்சுவிட நேரமே கொடுக்கலண்ணா! கெட்டுப்போன ஊசி சும்மா வெச்சிருந்தா சரியாகுமா? செல்லுன்னா சரியாகும்ல?"

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டினேன்.

மறுநாள் அமுக்கினாள், செல் கெட்டியானது. அதை அப்படியே விட்டுவிட்டு, அம்மா சொன்னதை ஆய்வகத்தில் கூட இருந்த டெக்னீஷியனிடம் சொல்லிச் சிரித்தபடி அவரோடு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து அதே ஊசியால் அதே செல்லை அமுக்கினாள். பழையபடி மெத்தென்று இருந்தது! தலைவியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து காட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சந்தோஷம் தாங்காது.

தலைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஊசி மேல தப்பில்லம்மா. மெஷின் உன்கிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான், இவள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். பதறிப்போன தலைவி தோளைத் தட்டிக்கொடுக்கப் போனார். டெக்னீஷியன் குறுக்கே கையை நீட்டினார்.

"தொடாதீங்க மேடம். கொஞ்ச நேரம் விடுங்க, தானா சரியாயிடும்."