பன்னிரண்டு பூஜ்யங்கள்

பதினொன்றே முக்கால் ஆனால் போதும், ஓட்டுநர் சுவரோரமாக நகர ஆரம்பித்துவிடுவார். மாத்திரை பன்னிரண்டு மணிக்கு. அதற்கு முந்தைய கால்மணி நேரத்தில் கால்கள் எந்த இடத்திலும் நின்றுபோகலாம். "டீசல் தீருது, ஓரங்கட்டிக்கிறேன்" என்பார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர், வேறெப்படிச் சொல்வார்!

சட்டைப் பையில் இரண்டு மாத்திரை, மூக்குக் கண்ணாடிக் கூட்டில் ஒன்று. கதவு நிலையைக் கண்டால் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடத்துநர் குரலில் தனக்குத்தானே "ரைட், போலாம்" என்று சொல்லிப் பார்ப்பார். சில நாள் வண்டி கிளம்பும். சில நாள் மகள் வந்து கைகொடுக்கும்வரை வேர்த்து விறுவிறுத்து நிற்பார். வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

நடுக்குவாத நோய்க்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. ஆளில்லாத வீட்டில், கதவு நிலையில் அப்படி நின்றுபோகும் நாளை நினைத்தால்தான் பயம். முகமோ இறுகிவிட்டது, அதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பயத்தை அளக்க மருத்துவமனையில் ஒரு தாள் இருக்கிறது. பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்குவரை. போன முறை உள்ளதை உள்ளபடி சொன்னார். எண்ணிக்கை எகிறிவிட்டது. தாளைப் பார்த்த மகள், கிடைத்திருந்த வெளியூர் வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டாள். அன்று அவர் பட்ட வேதனையைக் கேட்க அதில் ஒரு கேள்வியும் இல்லை.

இப்போது மறுபடி வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். செவிலி கேட்கக் கேட்க, மகள் பக்கத்தில் இருக்க, "இல்லம்மா, இல்லம்மா" என்றே சொல்லிக்கொண்டு போனார். தனியாக இருக்கப் பயமா என்றதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டினார். "மலைப்பாதையில வண்டி ஓட்டுனவன்மா நான். எனக்கென்ன பயம்?"

செவிலி அவர் கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்துக்கு இந்தத் தாளில் இடமில்லை. அது நோயின் கணக்கு. பன்னிரண்டு பூஜ்யம் விழுந்தது.

மகளுக்கு மூச்சு வந்தது. வண்டி பிடித்து வருவதாகச் சொல்லி எழுந்தாள். நகர முடியவில்லை. தோள்பையின் வார் அப்பாவின் கைக்குள் இருந்தது.

"விறைப்பும்மா. வேற ஒண்ணுமில்ல."

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து, காலை மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம். குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த விரல்கள் மறுபடி மடங்கி வாரைப் பிடித்துக்கொண்டன.