பூநாரை பார்க்கப் போன மாஸ்டர்

போன மாதம் ஒரு தீவுக்குப் போய் வந்தோம். யாழ்ப்பாணத்தைச் சுற்றி இருக்கும் தீவுகளில் ஒன்றுதான். எது என்று மட்டும் கேட்காதீர்கள்... சொல்ல மாட்டேன். பெயர்களையும் மாற்றித்தான் இந்தப் பத்தியில் எழுதுகிறேன். ஏன் என்பது வாசிக்க வாசிக்க விளங்கும்.

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் மற்றவர்கள் நுவரெலியா போவார்கள். என் கணவர் பறவை பார்க்கப் போவார். கணக்கு மாஸ்டர். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தர மறந்தால், எழுந்து போய்க் கேட்டு வாங்கும் ஆள்.

"சித்திரை வெயில் முத்தினால் பூநாரையெல்லாம் போயிடும். இப்பவே வெளிக்கிடுவம்" என்றார்.

அவரோடு படிப்பிக்கும் ஒருவரின் வீடு அங்கே பூட்டிக் கிடந்தது. அரிசி, பருப்பு, பைனாக்குலர் — ஒரு கிழமை தங்குவதற்குப் புறப்பட்டுவிட்டோம்.

முதல் நாள் விடியவே காக்கிக் காற்சட்டை, தொப்பி சகிதம் கடற்கரைப் பற்றைப் புதருக்குள் போய்க் குந்திவிட்டார். ஆளைக் கண்டால் பறவைகள் பயந்துவிடுமாம். பறவைகள் பயப்படவில்லை. ஊர்தான் பயந்தது.

பின்னேரம் வீட்டு வாசல் படலையடியில் ஒருவர் வந்து நின்றார். அந்தோனிப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். சொந்த வள்ளம் வைத்திருக்கும் மீனவர். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விளைமீன்.

"ஐயா புதுசா வந்திருக்கிறியள். கறிக்கு வைச்சுக்கொள்ளுங்கோ."

"என்ன விலை?"

"விலையொண்டும் வேண்டாம் ஐயா."

"அப்ப மீனும் வேண்டாம்."

அந்தோனிப்பிள்ளையின் முகம் கறுத்துப்போனது. மறுநாள் ஒரு சேவலோடு வந்தார். அதுவும் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் யாருமே வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினார்கள்.

"நல்ல மரியாதையான சனம்" என்றார் இவர்.

மரியாதையா? எனக்குச் சந்தேகம்தான்.

அன்று நல்லதண்ணிக் கிணற்றடியில் அந்தோனிப்பிள்ளையின் மனைவி றோசம்மா என் குடத்தை நிரப்பித் தந்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "பிள்ளை, ஐயா எப்ப திரும்பிப் போவார்?"

"ஞாயிற்றுக்கிழமை. ஏன் அக்கா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "சனிக்கிழமை எங்கடை மகள் எமிலிக்குக் கலியாணம். கூறைச் சீலை அக்கரையிலை கிடக்குது. கஸ்டம்ஸ் ஐயா பத்தைக்குள்ளை இருக்கேக்கை ஆர் வள்ளம் விடுறது? அவள் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை."

அக்கரை என்றால் இந்தியா. தீர்வை கட்டாமல் வள்ளத்தில் வரும் சீலை. கஸ்டம்ஸ் ஐயா என்றால்... என் கணவர்!

மீனை வாங்கியிருந்தால் அவரும் மனிதர்தான் என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். சேவலையும் வேண்டாம் என்கிற அதிகாரியை என்ன செய்வது? நேர்மையான ஆள் என்றாலே நமக்கு ஏன் இப்படிப் பயம் வருகிறது?

"ஐயோ அக்கா, அவர் வாத்தியார். குருவி பாக்க வந்தவர்."

றோசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச மனுசன், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு, கடல் தாண்டி வந்து... குருவி பாக்கிறாரோ?"

எட்டு வருடமாக நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் பாதிக் கதையைச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உங்களைக் கஸ்டம்ஸ் எண்டு நினைச்சுச் சனம் பயப்பிடுது." சீலை விஷயத்தை விழுங்கிவிட்டேன். அதைச் சொன்னால் மாஸ்டரின் மனச்சாட்சி எழும்பிவிடும். பிறகு எமிலி என்ன உடுப்பாள்?

இவருக்கு அவமானம் தாங்கவில்லை. நேரே அந்தோனிப்பிள்ளை வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"வாங்கோ. நான் என்ன பாக்கிறன் எண்டு நீங்களே வந்து பாருங்கோ."

பொலிஸோடு போகிறவர் மாதிரித்தான் அந்தோனிப்பிள்ளை வந்தார். கடற்கரையில் இவர் தன் பைனாக்குலரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"அந்தா, அந்த மணல் திட்டிலை. ரோஸ் நிறம் தெரியுதே?"

"ஓம் ஐயா." பைனாக்குலரைக் கண்ணோடு அழுத்திப் பிடித்தார். "வடிவாத்தான் இருக்கு."

முகம் இளகிவிட்டது. உண்மையாகவே பறவைதானா என்று இவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மீண்டும் கண்ணில் வைத்தார். நான் கவனித்தேன் — பைனாக்குலர் மெல்ல மெல்லப் பூநாரைகளை விட்டு நகர்ந்தது. திறந்த கடலுக்குப் போனது. ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை நிதானமாகத் தடவியது.

"இன்னும் கொஞ்சம் பாக்கட்டே ஐயா?"

"ஆறுதலாப் பாருங்கோ."

தன் பைத்தியம் இன்னொருவருக்கும் பிடித்துவிட்டதே என்று இவருக்கு தலைகால் தெரியாத புளுகம். "நாளைக்கும் வைச்சுப் பாருங்கோ" என்று பைனாக்குலரை அவரிடமே விட்டுவிட்டு வந்தார். எமிலியின் கூறைச் சீலையை நினைத்துக்கொண்டு நானும் பின்னால் நடந்தேன்.

சனிக்கிழமை காலை எமிலி மாம்பழ நிற அக்கரைப் பட்டில் கோயிலுக்கு வந்தாள். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் சிரிப்பு நிறைய இருந்தது. எங்களுக்கு முன்வரிசை. றோசம்மா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

ஊருக்குத் திரும்பியபின் இவருடைய குறிப்புக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். 'பூநாரை — நாற்பத்திரண்டு. அந்தோனிப்பிள்ளை என்பவருக்குப் பறவைகளில் அபார ஈடுபாடு' என்று எழுதியிருக்கிறார்.

நல்லகாலம், மனுசன் என் பத்தியை வாசிப்பதில்லை.