தெரிந்த முகத்திடம் பேர் கேட்பது

எனக்கு இப்போது எழுபத்தேழு வயது. பெற்றது ஆறு, இறந்துபோன தங்கையின் மகன் ஒன்று, ஆக ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். இவர் கடலுக்குப் போனார், நான் கருவாடு போட்டேன், ஏழு பேரையும் படிப்பித்தோம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதில் எழுத்துப் பிழை இருக்கும். சொல்லுகிற விஷயத்தில் பிழை இல்லை.

கடைசி மகள் மருந்தாளர். நாரந்தனையில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் போனால் ஒரு மருந்துக்கடை இருந்தது. அங்கே பதினொரு வருடம் நின்றாள். ஆள் வந்து சைக்கிளைச் சாத்தும்போதே இவள் அவருடைய பிறஷர் குளிசையை எடுத்து மேசையில் வைத்துவிடுவாள். பேர் கேட்கிற வழக்கமே இல்லை. ஊரில் தெரிந்த ஆளிடம் பேர் கேட்டால், உன்னை எனக்குத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது போல.

அவள் காய்ச்சலில் கிடந்த ஒரு கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வேறொரு பிள்ளை வந்து கடையில் நின்றது. எங்கள் கோவிலடியில் இருக்கிற ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்கடை பேர் என்ன?" என்று அந்தப் பிள்ளை கேட்டுவிட்டது. மனிசன் டொக்டர் எழுதின மருந்துத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எடி பிள்ளை, என்ரை பேரைக் கேக்கிறாள் அவள். நான் என்ன களவெடுக்க வந்தனானோ? நீ எழும்பி வந்து குளிசையைத் தா."

மகள் காய்ச்சலோடு எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்படிப்பட்டவள். அதை நான் அன்றைக்குப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

பிறகு கலியாணம் பேசி கனடாவுக்குப் போனாள். இங்கே படித்த படிப்பை அங்கே அப்படியே ஏற்கமாட்டார்களாம். அங்கே சோதனை எழுதி லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு தொழிற்சாலையில் மரக்கறி பொதி செய்கிற வேலைக்குப் போனாள். மருந்துப் போத்தலைத் தொட்ட கை கரட்டைக் கழுவுகிறது என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, "படிக்கிறாள்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

எழுத்துச் சோதனைகள் எல்லாம் ஒரே முறையில் பாஸ். கடைசியாகச் செய்து காட்டுகிற சோதனை ஒன்று இருந்தது. வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒருவர் நோயாளி மாதிரி நடிப்பார், இன்னொருவர் மூலையில் இருந்து புள்ளி போடுவார். மணி அடித்தால் அடுத்த அறை. அதில் பெயில் வந்தது.

போனில் அவள் முகம் வீங்கியிருந்தது. "என்ன பிழை விட்டனி?" என்று கேட்டேன்.

"மருந்திலை ஒரு பிழையும் இல்லையம்மா. ஆரெண்டு கேக்கேல்லை."

மருந்தைக் கையில் கொடுக்க முன்னம் பேரும் பிறந்த திகதியும் கேட்டே ஆக வேண்டுமாம். இளம் ஆட்களிடம் கேட்டிருக்கிறாள். தலை நரைத்த ஒருவரிடமும் கேட்கவில்லை.

"ஒரு அறையிலை வெள்ளைக்கார மனுசி, உங்கடை வயசு இருக்கும். சிரிச்சவ. நானும் சிரிச்சுப்போட்டுக் குளிசையைக் குடுத்திட்டன். வயசு போன ஆளைப் பார்த்து நீங்கள் ஆரெண்டு எப்பிடியம்மா கேக்கிறது? வாய் வரேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் எழுதுவேன், அதுவும் தவறினால் இந்தத் தொழிலை விட்டுவிடுவேன் என்று அவள் சொன்னாள். பதினொரு வருடத் தொழில் மரக்கறிப் பெட்டியோடு முடியப் போகிறது.

"என்னைக் கேட்டுப் பழகு," என்றேன். "என்னை விட வயசு போன ஆள் ஆர் உனக்கு?"

அவளுக்கு வேலை மத்தியானத்துக்குப் பிறகுதான். அவளுடைய காலை எங்களுக்குச் செபமாலை சொல்லி முடிகிற நேரம். நான் குசினிக்குள் கதிரையைப் போட்டு, போனைச் சீனிப் பேணியில் சாத்தி வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் நாள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "உங்கடை முழுப்பேர் என்ன?" என்று கேட்டாள்.

நானே சொல்லிக் கேட்கவைத்த கேள்விதான். ஆனாலும் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதும் எனக்குள்ளே ஏதோ சுரீரென்றது. "பெத்தவளின்ரை பேர் தெரியாட்டி என்னத்துக்கடி போன்?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பேர் கேட்டதற்கு வீடு தேடி வந்து கோபித்த கோவிலடிப் பெரியவரை அன்றைக்கு மனதுக்குள் நான் எவ்வளவு ஏசினேன்.

அடுத்த நாள் நானே எடுத்தேன். "பேஷன்ற் வந்திருக்கிறன். கேள்."

பேரைச் சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள். ஞானஸ்நானத் துண்டில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டேன். இறுக்கி வைத்திருந்த அவளுடைய முகம் உடைந்து சிரித்துவிட்டது. அதோடு அன்றையப் படிப்பு முடிந்தது.

பிறகு எனக்கும் ருசி பிடித்துவிட்டது. ஒரு நாள் காது கேளாத மனுசியானேன். ஒரு நாள் பஸ்சுக்கு நேரம் போகிறதென்று அந்தரப்பட்டேன். ஒரு நாள் வாயே திறக்கவில்லை, பல்லுக்குத்து என்று கையால் காட்டினேன். அவள் முதலில் இங்கிலிசில் கேட்டு, பிறகு தமிழில் கேட்பாள். கேட்டுக் கேட்டு அந்த இரண்டு இங்கிலிசுக் கேள்வியும் எனக்குப் பாடமாகிவிட்டது.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு மச்சாளும் வந்து பக்கத்தில் இருந்தாள். மச்சாளுக்குச் சீனி வருத்தம், எனக்குப் பிறஷர். முன்னமே படம் பிடித்து அனுப்பின என் மருந்துத் துண்டை வைத்து, அதற்கு மருந்து தருகிற மாதிரி மகள் தொடங்கினாள். பேர் கேட்டாள். நான் மச்சாளின் பேரைச் சொன்னேன்.

"என்ரை பேரை ஏன் எடுக்கிறாய்? உன்ரை பேருக்கு என்ன கேடு?" என்றாள் மச்சாள்.

"பொறு, பேசாமல் இரு."

மகள் துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இதிலை இருக்கிற பேர் அது இல்லை. திகதியைச் சொல்லுங்கோ."

என் திகதியைச் சொன்னேன்.

"திகதி சரி, பேர் பிழை. இந்த மருந்தை உங்களுக்குத் தரேலாது."

"நான் உன்ரை அம்மாவெல்லோ. தா பிள்ளை, இருட்டுப் படுகுது, வீட்டை போகவேணும்."

"ஏலாது அம்மா. சீனி வருத்தக்காரருக்குப் பிறஷர் குளிசை மாறிப் போனால் நான் பிறகு ஆரைக் கேக்கிறது? அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கோ."

நான் கெஞ்சினேன். ஏசியும் பார்த்தேன். தரவேயில்லை. மச்சாள் என் தொடையில் தட்டி, "இவள் பாஸ்," என்றாள். நான் சீலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டேன். நடிப்பு என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

சோதனையன்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் காத்திருந்தேன். முடிந்ததும் எடுத்தாள்.

"எல்லாரையும் கேட்டனியோ?"

"ஓமம்மா. வாசலிலை நிண்டு எங்கடை பேரைப் பதிஞ்ச மனுசியையும் கேட்டிட்டன். அவ திகைச்சுப்போனா."

சில கிழமை கழித்து முடிவு வந்தது. பாஸ். மச்சாள் வேலிக்கு மேலால், "என்ரை பேராலைதான் பாஸ் பண்ணினவள்," என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். லைசன்ஸ் கடதாசியை மகள் போனில் பிடித்துக் காட்டினாள். இங்கிலிசு எனக்கு வாசிக்க ஏலாது. அவள் பேர் எந்த இடத்தில் இருக்கிறதென்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை மருந்துக்கடையில் வேலை தொடங்கிவிட்டாள். காலையிலேயே போய்விடுகிறாள், இனி ஞாயிறு மட்டும்தான் பேசலாம். செபமாலை முடிந்தபிறகு கதிரையில் வந்து இருக்கிறேன், போன் அடிக்கிறதில்லை. அந்த நேரம் சும்மா கிடக்கிறதே என்று என்னோடு இருக்கிற பேத்தியின் பழைய கொப்பியை வாங்கி இதை எழுதினேன். நாலு பின்னேரம் எடுத்தது. பேர் ஒன்றும் எழுதவில்லை, மச்சாள் கோபிப்பாள்.

படம் பிடித்து மகளுக்கு அனுப்ப வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பாள். அதற்கு முன்னம் பேத்தியை வாசிக்கச் சொல்லி எனக்கு ஒருக்காக் கேட்க வேணும். எடி பிள்ளை, அந்தப் பாட்டை நிப்பாட்டிப்போட்டு இஞ்சை வா. முதலிலை இருந்து வாசி. ஆறுதலாய், அவசரப்படாமல் வாசி. எழுத்துப் பிழையைப் பிறகு பாப்பம்.