தேசம்மாவின் பொட்டி சைக்கிளுக்கு ஒரு பெல்ட்டு

ஊரூர் குப்பத்துத் தேசம்மா நாற்பத்தாறு வயதுவரை சைக்கிளின் பின்சீட்டில்கூட உட்கார்ந்தது கிடையாது. இருபத்து மூன்று வருடம் அன்னக்கூடையைத் தலையில் வைத்து பெசன்ட் நகர், சாஸ்திரி நகர் தெருக்களில் மீன் விற்றவள். கழுத்து வலிக்கு ஒரு தைலம், முட்டி வலிக்கு ஒரு தைலம் என்று இடுப்பில் எப்போதும் இரண்டு சீசா இருக்கும். எது எதற்கு என்று பார்க்க நேரமில்லாமல் இரண்டையும் இரண்டுக்கும் தடவிக்கொள்வாள்.

சாஸ்திரி நகரில் வெங்கடரமணன் வீட்டு மாடியில் ஒரு டச்சுக்காரப் பெண் மூன்று வருடம் குடியிருந்தாள். அவள் பெயர் வேறு ஏதோ. தெருவில் எல்லோரும் கூடி அதை மரைக்கா என்று ஆக்கிவிட்டார்கள். வாரம் இரண்டு நாள் தேசம்மாவிடம் சங்கரா வாங்குவாள். விலை பேசத் தெரியாது; தேசம்மாவே அவளுக்காகவும் பேசி, தானே குறைத்துக் கொடுப்பாள். ஊருக்குத் திரும்பும்போது மரைக்கா தன் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "தேசம்மா, இது உனக்கு" என்றாள்.

அது சாதாரண சைக்கிள் இல்லை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன்சக்கரங்களுக்கு நடுவே ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு மரப்பெட்டி. செயின் கிடையாது. அதற்குப் பதிலாக உள்பக்கம் பல் வைத்த கறுப்பு பெல்ட்டு. எண்ணெய் வேண்டாம், துரு பிடிக்காது, சத்தமே வராது.

தேசம்மாவின் புருஷன் அங்கமுத்து ஃபைபர் படகு ஓட்டுகிறவன். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தண்ணியில வுட்டா மெதக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

"மூணு சக்கரம் கீதே, வுழாது" என்று ஏறிய தேசம்மா முதல் திருப்பத்திலேயே மணலில் கவிழ்ந்தாள். இரண்டாம் நாள் ஒரு நண்டு வலையை இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு கரையில் ஏலத்துக்கு நின்ற பெண்கள் எல்லோரும் ஏலத்தை விட்டுவிட்டு "ஒடி! ஒடி! ஒடிடி ஹேண்டுபார!" என்று கத்த, தேசம்மா ஒடித்தாள், சைக்கிள் திரும்பியது, அவள் விழவில்லை. அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் படகுக்குப் போனவர்கள் பாதியில் திரும்பிப் பார்த்தார்களாம்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பெட்டியில் ஐஸ், ஐஸின்மேல் மீன், மீனின்மேல் ஈரச்சாக்கு. ஒரு நாளைக்கு நான்கு தெரு போனவள் பதினொரு தெரு போனாள். தைல சீசாக்கள் பரணுக்குப் போயின.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள், யாரோ வீசிய நைலான் வலைக்கயிறு பின்சக்கரத்துப் பல்லில் சுற்றிக்கொண்டது. தேசம்மா அது தெரியாமல் எழுந்து நின்று மிதித்தாள். 'டப்' என்றது. பெல்ட்டு செத்த விலாங்கு மாதிரி தார்ரோட்டில் கிடந்தது.

சைக்கிளைக் குட்டி யானை வேனில் ஏற்றி ராயப்பேட்டை ஜாம்பஜார் பக்கம் நஸ்ருன்னிசாவின் கடைக்குக் கொண்டுபோனாள். நஸ்ருன்னிசா சைக்கிள் ரிப்பேரில் கெட்டிக்காரி. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அறுந்த பெல்ட்டைக் கையில் வாங்கி இரண்டு முறை முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இது இங்க எங்கயும் கெடைக்காது. அந்த ஊர்லேந்துதான் வரணும். ஒண்ணு பண்றேன், முன்ன பின்ன பல்சக்கரத்த மாத்தி செயினு போட்டுக் குடுத்துர்றேன். மூவாயிரத்துல முடிஞ்சிரும்."

"செயினா? உப்புக் காத்துல ஒரே மாசத்துல துரு புடிச்சி கிறீச்சு கிறீச்சுங்கும். இப்போ நான் தெருவுல பூந்தா பூனைக்குக்கூடத் தெரியாது, நஸ்ரு. செயினு போட்டா அடையாறுல கீற அத்தினி பூனையும் பின்னாடி வரும்."

"அப்போ பெல்ட்டு வர்ற வரைக்கும்?"

"தள்ளிக்கினு போறேன்."

தள்ளிக்கொண்டுதான் போனாள், ஏழு வாரம்.

இதில் வெங்கடரமணன் எப்படி வந்தார் என்றால், மரைக்காவின் ஈமெயில் முகவரி அவரிடம்தான் இருந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படிவம் என்றால் அவருக்குப் பாயசம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நிரப்ப ஒரு படிவம் இல்லாமல் மனிதர் வாடிக்கிடந்தார். தேசம்மா கேட்டுக்கு வெளியே நின்று அறுந்த பெல்ட்டைக் காட்டியதும், "இரு, கண்ணாடிய எடுத்துண்டு வரேன்" என்று உள்ளே ஓடினார்.

மரைக்கா அன்று மாலையே பதில் போட்டாள். பெல்ட்டு எழுபத்தைந்து யூரோ. அனுப்பும் கூலி அறுபத்திரண்டு யூரோ. இரண்டையும் தானே கட்டிவிட்டாள். "என் தோழிக்கு அன்பளிப்பு, மதிப்பு பூஜ்யம்" என்று எழுதிப் பார்சலை அனுப்பினாள். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பார்சல் நான்கு நாளில் மீனம்பாக்கம் வந்துவிட்டது. ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பெல்ட்டு, விமான நிலையத்திலிருந்து சாஸ்திரி நகருக்கு வர மறுத்தது. கூரியர் கம்பெனியிடமிருந்து முதல் கடிதம் வந்தது. வெங்கடரமணன் அதை உரக்கப் படித்தார்.

"பொருள்: பெல்ட். தோலா, துணியா? ஆண்களுக்கா, பெண்களுக்கா?"

தேசம்மா தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டாள். "இன்னா சாரு கேக்குறாங்க?"

"இடுப்புல கட்டிக்கிற பெல்ட்டுன்னு நெனச்சுண்டுட்டா."

"நாலரை அடி நீட்டு கீது! எந்தக் கழுதைக்குக் கட்டறது?"

'இரண்டுமில்லை, கார்பன் நார்' என்று அவர் பதில் எழுதினார். அடுத்த நாள், 'கார்பன் என்றால் ரசாயனமா? எரியுமா?' என்று கேட்டு வந்தது. 'எரியாது' என்று எழுதினார். தேசம்மாவின் ஆதார் கேட்டார்கள். ஆதார் கொடுத்ததும் அதில் பதிந்த போன் எண்ணுக்கு ஓடிபி வரும் என்றார்கள். அது வரும்போதெல்லாம் தேசம்மா ஏலத்தில் இருந்தாள். "முந்நூறு! முந்நூத்தம்பது!" என்ற கூச்சலுக்கு நடுவே போனில் அவள் ஆறு எண்களைக் கத்த, ஏலக்காரன் அதைத் தேசம்மா கேட்ட விலை என்று நினைத்து, நான்கு லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு கூடை காரப்பொடி மீனை அவள் பக்கம் தள்ளிவிட்டான். கரையே சிரித்துச் சரிந்தது.

அடுத்த கேள்விக்கு வெங்கடரமணன் ஒரு மணி நேரம் யோசித்தார்.

"ஏம்மா தேசம்மா, நீ பொய் சொல்லப்படாது, நானும் எழுதப்படாது. இந்த சைக்கிள் உன் சொந்த உபயோகமா, வியாபாரமா?"

"ரெண்டுந்தான் சாரு. மீனு விக்கிறது வியாபாரம். சாயங்காலமா பீச் ரோட்டுல காலத் தூக்கிக்கினு வுடறேனே, அது சொந்தம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, 'சொந்தம்' என்று அடித்தார்.

பிறகுதான் பூஜ்யத்தின் வேலை ஆரம்பித்தது. மதிப்பில்லாத பொருளுக்கு எப்படி வரி போடுவது? அவர்களாகவே ஒரு மதிப்பு போட்டார்கள். அதன்மேல் வரி, வரிமேல் வரி, கையாண்டதற்குக் கூலி. இத்தனை நாள் கிடங்கில் இருந்ததற்கு நாள் வாடகை வேறு.

"என் பெல்ட்டுக்கு ரூம் வாடகையா? ஏசி கீதா சாரு?"

"தெரியலையேம்மா."

"வாடகை வாங்கறான்னா கீதான்னு கேளு."

அவர் அதையும் எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை.

குப்பத்தில் எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: இந்தக் காசுக்குப் புது சைக்கிளே வாங்கலாமே. அங்கமுத்து ஒருவன்தான் பாடவில்லை. "அவ மாமியா வூட்டுக்கு நடந்து போனாக்கூட மூஞ்சத் தூக்கிக்கினு போவா. இதுல ஏறினா சிரிச்சிக்கினே போறா. வரட்டும் வுடு" என்றான்.

ஐந்தாவது வாரம் தேசம்மாவுக்குப் பொறுமை போயிற்று. காலை வியாபாரத்தை ஒன்பதரைக்கே முடித்தாள். குளித்து, நல்ல புடவை கட்டி, அறுந்த பெல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெங்கடரமணனையும் ஆட்டோவில் ஏற்றி கிண்டி எஸ்டேட்டில் இருந்த கூரியர் ஆபீஸுக்குப் போனாள்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் மஹதி என்று சட்டையில் குத்தியிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்து, "மேடம், இது ஆடை அணிகலன் வகையில நிக்குது. அதை மாத்தணும்னா பொருள் என்னன்னு எங்களுக்குத் தெளிவாத் தெரியணும்" என்றாள்.

"தெரியணுமா? கொஞ்சம் கிட்ட வா கண்ணு."

மேசையில் பார்சல் ஒட்டும் டேப் உருளைகள் பெரிதும் சிறிதுமாகக் கிடந்தன. தேசம்மா சிறியதை மஹதி கையில் கொடுத்து, விரலை உள்ளே விட்டுப் பிடிக்கச் சொன்னாள். பெரியதை வெங்கடரமணன் விரலில் மாட்டினாள். அறுந்த பெல்ட்டின் இரண்டு முனையையும் தன் கொண்டை கிளிப்பால் கவ்வி, இரண்டு உருளைக்கும் சேர்த்து மாட்டினாள்.

"இது நானு, மெதிக்கிறேன். இது பின்சக்கரம். சாரு, நீ சுத்து!"

வெங்கடரமணன் சுற்றினார். மஹதி விரலில் உருளை சுழன்றது. தேசம்மா வாயாலேயே மணி அடித்தாள். "வஞ்சிரம் ஒரு கிலோ, போட்டாச்சு, அடுத்த தெரு!" பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். உள்ளே இருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். கிளிப் தெறித்து அவர் மேசையில் விழுந்தது. மஹதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"போதும் மேடம், புரிஞ்சிடுச்சு" என்று துடைத்துக்கொண்டு, 'சைக்கிள் உதிரி பாகம்' என்று அடித்து, வரி அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டிய திருத்தத்தை அப்போதே அனுப்பினாள்.

கிளம்பும்போது தேசம்மாவுக்கு ஒரு யோசனை. மரைக்காவுக்குக் கைம்மாறாக அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு அனுப்பினால் என்ன? மஹதி கணக்குப் போட்டுச் சொன்ன கூலியைக் கேட்டுத் தேசம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதோடு மீனுக்கு சுகாதாரச் சான்றிதழும் வேண்டுமாம்.

"செத்து, காஞ்சி, உப்புல ஊறின மீனு நல்லா கீதுன்னு டாக்டரு எழுதித் தரணுமா? சாரு, என்னைப் புடிச்சிக்கோ."

திருத்தம் ஏறி, புதுக் கணக்கு வந்தது. வரி, கூலி, வாடகை எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து எண்ணூறு. பழைய கணக்கைவிட இரண்டாயிரம் குறைவு. தேசம்மா கட்டினாள். ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பெல்ட்டு வந்தது, உள்ளங்கை அகல டப்பாவில், சுருண்டு படுத்த குட்டிப் பாம்பாக. அவள் அதை வெளியே எடுத்து வெங்கடரமணன் வீட்டு வாசலிலேயே ஒரு சுற்று ஆடினாள்.

அன்று மத்தியானமே மறுபடி குட்டி யானை, மறுபடி ராயப்பேட்டை. வெங்கடரமணனும் கூடவே வந்தார்; இத்தனை படிவம் நிரப்பிவிட்டுப் பொருளை மாட்டுவதைப் பார்க்காவிட்டால் எப்படி? நஸ்ருன்னிசா பின்பக்கச் சட்டத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றிச் சட்டத்தையே இரண்டாகப் பிரித்து, அந்த இடைவெளி வழியாகப் பெல்ட்டை நுழைத்தாள். இறுக்கினாள். வீணைத் தந்தியைப்போல விரலால் தட்டிக் காதைக் கொடுத்தாள். இன்னும் கால் திருகு. "இப்போ பாருக்கா."

தேசம்மா பெடலை மிதித்தாள். சத்தமே இல்லை. நஸ்ருன்னிசா வேலைக்குக் காசு வாங்க மறுத்தாள்; ஞாயிற்றுக்கிழமை ஒரு சுறா போதும் என்றாள்.

குட்டி யானைக்காரன் அதற்குள் வேறு சவாரிக்குப் போய்விட்டான்.

"சாரு, ஏறு."

"எங்கே?"

"பொட்டியிலதான். மூணு தபா சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

பிறந்ததிலிருந்து மீன் வாசம் பட்டால் மூக்கில் துண்டை வைத்துக்கொள்ளும் வெங்கடரமணன், அந்தத் துண்டை நான்காக மடித்துப் பெட்டியில் விரித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முட்டி தாடையில் இடித்தது. லஸ் சிக்னலில் அவருடைய சகலை ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து நின்று, "என்ன ஓய், எங்கே போறீர்?" என்று வாயைப் பிளந்தார்.

"ஆத்துக்குத்தான்" என்றார் வெங்கடரமணன், ஏதோ ரயிலில் போகிறவர்போல. பச்சை விழுந்தது. தேசம்மா எழுந்து நின்று மிதித்தாள். சகலை பின்னால் போனார்.

சாந்தோம் தாண்டிப் பட்டினப்பாக்கம் காற்று முகத்தில் அடித்தது. அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் தேசம்மா மூச்சு வாங்கினாள், இறக்கத்தில் காலைத் தூக்கினாள். "ஐயோ ஐயோ ஐயோ" என்று வெங்கடரமணன் கத்தினார். பயத்தில் கத்துகிறாரா சந்தோஷத்தில் கத்துகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. தேசம்மா திரும்பிப் பார்த்த ஒரு பஸ் கண்டக்டருக்குக் கை காட்டினாள்.

சாஸ்திரி நகருக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். தெரு காலியாக இருந்தது. தேசம்மா மணியில் கை வைப்பதற்குள் பெட்டிக்குள்ளிருந்து வெங்கடரமணன், தானும் எதிர்பாராமல், "வஞ்சிரம்! சங்கரா! நெத்திலீ!" என்று குரல் விட்டார். என்ன இருந்தாலும் முப்பத்தைந்து வருடம் டோக்கன் நம்பரை உரக்கக் கூப்பிட்ட தொண்டை.

மூன்று வீட்டுக் கதவு திறந்தது. மூன்று பெண்கள் பாத்திரத்தோடு வந்தார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, கையில் இருந்த வேட்டியைக் கீழே தவறவிட்டார்.

தேசம்மா பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"இன்னிக்கி மீனு இல்லம்மா. சாரு மட்டுந்தான் கீறாரு!"