கிள்ளான் வேன்

பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தை விட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேன் சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் என் வேனில் வரும் புரோகிராமர் பெண்ணும் நடந்தாள். இருவருக்கும் அன்றுதான் கடைசி நாள்.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெஞ்சாரோம் தோட்டத்தில் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றினேன். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். எதிலும் நிலைக்கவில்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் அந்தச் சின்ன கம்பெனியில்தான் அதிக நாள் இருந்தேன். காலையில் தொலைவிலுள்ள கிள்ளானிலிருந்து ஆட்களை ஏற்றி வருவேன். இருட்டிய பிறகு வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன்.

அந்த வருஷங்களில் புரோகிராமர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. பெரிய கம்பெனிகள் ஆள் விட்டுப் பேசி இழுத்துக்கொண்டன. என் வேனில் இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் அவள் மட்டும் மிஞ்சினாள். மேரு பகுதித் தொழிற்சாலைகளுக்கு அவள் எழுதிய சம்பளக் கணக்கு புரோகிராமை நம்பித்தான் கம்பெனி ஓடியது. அவளும் போனால் இழுத்து மூட வேண்டியதுதான். முதலாளி ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. சேமிப்பையெல்லாம் அதில் போட்டிருந்தார்.

அவளை நிறுத்திவைக்கச் சம்பளத்தைக் கூட்டினார். அந்தக் காசைச் சரிக்கட்ட, மாதக் கடைசியோடு வேனை நிறுத்துவதாக அவளிடம் சொன்னார்.

"ஒரு ஆளுக்கு எதுக்கு வேன்? பிள்ளை, உனக்குச் சம்பளம் கூட்டித் தாறன்தானே. டாக்சியில போகலாம்."

"நான் வேல முடிக்கிற நேரத்துல கிள்ளானுக்கு எந்த டாக்சி வரும் அங்கிள்? வீட்டுல விடமாட்டாங்க."

"போகப் போகப் பழகும்."

மறுநாளே அவள் ராஜினாமா கொடுத்தாள். இன்னும் கூட்டித் தருவதாக அவர் சொல்லிப் பார்த்தார். வேனைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் அவள் கேட்டாள்: "இனி எங்க போறீங்க அண்ணே?"

"மேருவுல லோரி ஓட்டக் கேட்டிருக்கேன்."

"நான் போற எடத்துல வேன் இருக்கு, டிரைவர் இல்ல லா. வேன் வந்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டேன். உங்களப் பத்தியும் சொன்னேன்."

"ஒரு எடத்துல நிக்க மாட்டான்னு சொன்னியா?"

"சொன்னேன். நிக்கிற வரைக்கும் ஓட்டட்டுமாம்."

மறுநாள் காலை அந்தப் புதிய கம்பெனியில் சாவியை வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அவள் ஏறினாள். வழி பழைய வழிதான். பழைய அலுவலகத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. முதலாளி குனிந்து, தானே இரும்புச் சுருள்கதவைத் தூக்கித் திறந்துகொண்டிருந்தார். நான் ஓட்டிய வேன், விட்ட இடத்திலேயே நின்றது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன்.